கூரை பிரித்த காம்பரா

ஊசிமலைத் தேயிலைத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவான கீழ்க்கணக்கில் அம்மாக்கண்ணுவுக்கு வாய் நீளம் என்று பேர். கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கென்று கொஞ்சம் கூடுதலாகக் கழித்தால், வரிசையில் எங்கே நின்றாலும் அவள் சத்தம்தான் முதலில் கேட்கும். அவள் சாக்கு தராசுக்கு வந்தால் கணக்கப்பிள்ளை ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொள்வார். அந்த வாயால் எத்தனையோ பேருக்கு நல்லது நடந்திருக்கிறது. ஒரே ஒரு பேச்சு மட்டும் அவள் பெற்ற பிள்ளையைக் கண்ணுக்கு எட்டாமல் கொண்டுபோய் வைத்துவிட்டது.

இப்போது அவளுக்கு ராக்காயி வீட்டில்தான் சாப்பாடும் படுக்கையும். விடிந்ததும் முன்தாழ்வாரத்தில், இஸ்தோப்பில், படங்குச் சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு உட்கார்ந்து தேத்தண்ணி குடிப்பாள். லயத்து வரிசையில் அடுத்த அறை, பக்கத்துக் காம்பரா, அவளுடையது. கூரை இல்லை. மேலே இழுத்துக் கட்டிய நீலப் படங்குத் தாளில் மழைத் தண்ணீர் தொப்பையாகத் தொங்கிக்கொண்டிருக்கும். ராக்காயி ரொட்டி தட்டுகிற சத்தம் உள்ளே கேட்கும். அடுத்தவள் அடுப்பில் வெந்த ரொட்டி எத்தனை ருசியாக இருந்தாலும் தொண்டைக்குள் இறங்க ஒரு மிடறு தேத்தண்ணி கூடுதலாக வேண்டியிருக்கிறது என்று அம்மாக்கண்ணு நினைப்பாள். சொல்லமாட்டாள். ராக்காயி வருத்தப்படுவாள்.

"மதினி, இன்னொரு ரொட்டி வைக்கவா?"

"போதும் ராக்காயி. மலையில ஏறணும், வயித்தத் தூக்கிக்கிட்டு ஏற ஏலாது."

"நேத்தும் இதத்தான் சொன்னீங்க."

"நேத்தும் அதே மலதான."

லயத்தில் தீ எப்படி ஓடும் என்பது லயத்தில் பிறந்தவர்களுக்குத் தெரியும். வரிசையாக எத்தனை காம்பரா இருந்தாலும் மேலே ஒரே கூரைதான். நடுச்சுவர்கள் கூரையைத் தொடாமல் நின்றுவிடும். மேல்கோடியில் கருவாடு வறுத்தால் கீழ்க்கோடியில் இருக்கிறவன் சோற்றைப் போடச் சொல்வான். தீயும் அந்த வழியாகத்தான் வரும். அதனால் லயத்தாட்கள் ஒரு காரியம் செய்வார்கள். தீ வந்துகொண்டிருக்கிற பக்கம் ஒரு காம்பராவைப் பார்த்துத் தகரத்தைப் பிரித்து, கட்டையை வெட்டி இறக்கி, அது தாண்ட முடியாதபடி இடைவெளி விட்டுவிடுவார்கள். மேலே இருப்பது போகும், கீழே இருப்பது பிழைக்கும். நடுவில் அகப்பட்ட காம்பரா எரியாமலே பாழாகும்.

மாசி மாதத்து வெயிலில் மேல்கோடிக் காம்பராவில் கரண்டுக் கம்பி புகைந்தபோது இதுதான் நடந்தது. பட்டப்பகல். ஆட்கள் மலையிலிருந்து கூடையும் சாக்குமாக ஓடி வந்தார்கள். பீலியில் விழுகிற ஊற்றுத் தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றினார்கள், அது தீயின் தாகத்துக்கே போதவில்லை. தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் அழகுமுத்து, ராக்காயியின் புருஷன், அலவாங்குக் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு அம்மாக்கண்ணுவின் கூரைமேல் ஏறினார். ஏறுமுன் அவள் முகத்தை ஒருமுறை பார்த்தார். கேட்கவில்லை. அவளும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அடுத்த காம்பரா அழகுமுத்துவுடையது. அதைப் பிரித்திருந்தால் இவளுடையது சேர்ந்து எரிந்திருக்கும். நியாயம் சரிதான். ஆனாலும் தன் தலைக்கு மேலிருந்த தகரம் ஒவ்வொன்றாகக் கொடியில் துணி உருவுகிற மாதிரி போவதைப் பார்க்கிறவளுக்கு நியாயம் என்ன ஆறுதல் சொல்லும்?

அதெல்லாம்கூடப் போகட்டும். போன் விஷயம்தான் ஆறவில்லை.

அவள் மகன் துஷாந்த் டவுன் சபையின் தீயணைப்புப் பிரிவில் வேலை செய்கிறான். அந்த லயத்திலிருந்து காலில் சப்பாத்து மாட்டிச் சீருடை போட்ட முதல் ஆள். வேலை கிடைத்த வருஷம் மாரியம்மன் திருவிழாவில் அவன் தலைக்கவசத்தை லயத்துப் பிள்ளைகளெல்லாம் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார்கள். தீயணைப்பு நம்பரை அவனே வீட்டுக்கு வீடு சுவரில் கரியால் எழுதினான். "இனிமே நமக்கென்னா பயம், நம்ம பய வண்டியோட வந்துருவான்" என்று அழகுமுத்துவே சொல்லியிருக்கிறார். அம்மாக்கண்ணு அன்றைக்கு அந்த நம்பருக்குத்தான் அடித்தாள். வேலையில் இருக்கிறவனைச் சொந்தப் போனில் கூப்பிடக்கூடாது என்று அவளுக்கு ஒரு மரியாதை. எடுத்தது அவனேதான். முதலில் சிங்களத்தில் சொன்னான், பிறகு தமிழில், "முகவரி சொல்லுங்க."

"டேய், நான்தான்டா. லயம் எரியுதுடா."

குரலைத் தாழ்த்தினான். பிறகு, "அம்மா, ரோட்டு பேரும் வீட்டு நம்பரும் சொல்லணும். எங்க ஸ்டேஷன் ஐயா கேப்பாரு."

"நீ பொறந்த காம்பராடா. அதுக்கு என்னா நம்பரு?"

"தோட்டம் சபை எல்லைக்குள்ள இல்லம்மா. தொர பேசுனாத்தான் வண்டிய விடுவாங்க. தொரையப் பேசச் சொல்லுங்கம்மா, சீக்கிரம்."

தோட்ட மேனேஜர் தொரை கொழும்புக்குப் போயிருந்தார்.

எல்லாம் முடிந்து மேல்கோடி கரியாகி, ஆட்கள் இருமிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது சிவப்பு வண்டி மணியடித்துக்கொண்டு ஏறி வந்தது. முதலில் குதித்தவன் துஷாந்த். குதித்தவன் தன் வீட்டைத் தேடினான். கூரை இருந்த இடத்தில் வானம் இருந்தது. அம்மாக்கண்ணு வாசலில் நின்றாள். அவன் கிட்டே வரும்போது, லயமே கேட்க, அவள் கேட்டாள்:

"முகவரி கெடச்சிருச்சாப்பா?"

அவன் அப்படியே நின்றான். பிறகு திரும்பிப் போய் மற்றவர்களோடு சேர்ந்து மிச்சப் புகைக்குத் தண்ணீர் அடித்தான். குழாயைச் சுருட்டினான். ஏறிப் போய்விட்டான். அதற்கப்புறம் வரவில்லை. அவன் போனுக்கு அடித்தால் மணி போகும், எடுக்கமாட்டான். எரிந்த காம்பராக்காரர்களுக்குப் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் தங்க இடமும், தனிவீடு கட்டித் தருவதாகப் பேச்சும் கிடைத்தது. அம்மாக்கண்ணுவுடையது எரியவில்லையாம், அதனால் ஒன்றுமில்லை. பூண்டுலோயாவில் இருக்கிற தங்கச்சி வந்து கூப்பிட்டுப் பார்த்தாள். "நான் அங்க வந்துட்டா அவன் இங்க வந்து தேடுவான்டி" என்று அனுப்பிவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்க டவுனுக்குப் போனவள், பையில் பருப்பும் வெங்காயமும் கனக்க, தீயணைப்புக் கட்டடத்துக்கு எதிரே ஒரு கடைவாசலில் மழைக்கு ஒதுங்குகிற மாதிரி நின்றாள். மழை அப்போது இல்லை. இரண்டு மூன்று பையன்கள் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு முதுகாகப் பார்த்தாள். அவன் முதுகு அதில் இல்லை. தன்னைக் கண்டுதான் உள்ளே ஒளிந்துகொண்டான் என்று நினைத்தாள். தெருவைத் தாண்டிப் போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தராசுக்காரனிடம் எகிறுகிற வாய் அங்கே ஒட்டிக்கொண்டது. பஸ் முழுக்க அவளுக்கு அவன் சின்ன வயதில் ஈரத்தலையோடு அடுப்பங்கரையில் ஒட்டிக்கொண்டு உட்காருவது ஞாபகம் வந்தது. தள்ளி உட்காருடா, பொசுங்கிப்போவ என்று விரட்டுவாள். இன்றைக்கு அடுப்பும் இல்லை, விரட்ட ஆளும் இல்லை. ஏங்கிச் செத்துவிடுவோம் போல இருந்தது அவளுக்கு.

வைகாசி மழை பிடித்த பிறகு டவுன் சபையிலிருந்து முத்துலிங்கம் என்று ஒரு கிளாக்கர் வந்தார். காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் ஆட்களைக் கூட்டினார்கள். கடைக்காரக் குடும்பத்துப் பிள்ளை, பேச்சு நிதானம், குடையைச் சுருக்கவே இல்லை.

"எங்ககிட்ட இருக்கது ஒரே ஒரு தீயணைப்பு வண்டிங்க" என்றார். "அதுக்கு டீசல், டயரு, ஆளுங்க சம்பளம் எல்லாம் டவுன்ல வீடு, கட வச்சிருக்கவங்க கட்டுற சோலைவரியிலதான் ஓடுது. வண்டி தோட்டத்துக்குப் போன நேரம் எங்க கட எரிஞ்சா யாரு பொறுப்புன்னு அவங்க கேக்குறாங்க. எங்க அப்பாவே கேக்குறாரு, என்னா பண்ண? அதனால இப்ப லயங்களையும் அளந்து மதிப்புப் போட்டு எல்லைக்குள்ள எடுக்கலாம்னு சபையில பேசியிருக்காங்க. பெரிய பங்கு கம்பெனி கட்டணும். சின்னப் பங்கு குடியிருக்கவங்க. ரோட்டுக்குப் பேரு வரும், வீட்டுக்கு நம்பர் வரும். கூப்புட்டா வண்டி வரும். தொரைகிட்ட கேக்கத் தேவல்ல."

அழகுமுத்து எழுந்தார். "லயம் யாருதுங்க?"

"கம்பெனியோடது."

"செவரு அவனோடது. கூர அவனோடது. நாளைக்கி வேலைக்கிப் போகலன்னா வெளிய போன்னு சொல்றவனும் அவன்தான். வரி மட்டும் எங்களோடதா? நாங்க காணி கேட்டு, தனிவீடு கேட்டு எத்தன காலமா நிக்கிறோம். இந்த லயத்துக்கு வரி கட்டிட்டோம்னா, அதான் வீடு இருக்கே, நம்பரும் இருக்கே, கெடங்கன்னு விட்ருவானுங்க."

கூட்டம் அவர் பக்கம் தலையாட்டியது. அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அம்மாக்கண்ணு பின்னால் பெண்களோடு நின்றவள், மழைக்குப் போட்டிருந்த கொங்காணியைத் தலையிலிருந்து எடுத்தாள். அதை எடுத்தால் பேசப் போகிறாள் என்று கீழ்க்கணக்குக்கே தெரியும்.

"அண்ணே, செவரு கம்பெனியோடதுங்கிறீங்க, சரி. அன்னைக்கி எரிஞ்சது யாரோடது? பொட்டியில இருந்த சீலை, புள்ளைங்க புத்தகம், சமஞ்ச புள்ளைக்கின்னு வச்சிருந்த நக, அதெல்லாம் கம்பெனியோடதா?"

"அதுக்கில்ல தங்கச்சி..."

"தனிவீடு வரட்டும். வர்றப்ப நீங்கதான் முன்னுக்கு நிப்பீங்க, நானும் பின்னுக்கு நிப்பேன். அது வர்ற வரைக்கும் நெருப்பு காத்துக்கிட்டு நிக்குமா? அன்னைக்கி என் வயித்துல பொறந்தவன் என்கிட்டயே முகவரி கேட்டான். எனக்குச் சொல்ல ஒண்ணு இல்ல. அந்தக் கேவலம் வேற எவளுக்கும் வேணாம்ண்ணே. நான் கட்டுறேன். முழுப்பேரு போட்டு முழுச் சம்பளம் வர்ற நாள்ல ஒரு நாளு அதுக்குன்னு வச்சுக்கிறேன்."

பிறகு எரிந்த காம்பராக்காரி ஒருத்தி, "அளக்குறதுன்னா அளந்துட்டுப் போகட்டுமே" என்றாள். அதோடு ஒவ்வொருத்தராக அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். அழகுமுத்து மட்டும், "அளக்கட்டும். காணிக் கேள்விய நான் விடமாட்டேன், அதையும் எழுதிக்கங்க" என்று கிளாக்கரிடம் சொன்னார். அவர் எழுதிக்கொண்டார்.

கிளம்பும்போதுதான் முத்துலிங்கம் இன்னொன்று சொன்னார். "வியாழக்கெழம அளக்குற ஐயா வருவாரு. கூர இருந்து, அடுப்பு எரியிற காம்பராவத்தான் வீடுன்னு எடுப்பாரு. சும்மா கெடக்குறத விட்ருவாரு."

அம்மாக்கண்ணுவுக்கு நீலப் படங்குத் தாள் ஞாபகம் வந்தது. இத்தனை பேசி லயத்துக்கே நம்பர் வாங்கிக் கொடுத்துவிட்டு, தன் வாசல் மட்டும் பல் விழுந்த இடமாக நிற்கப் போகிறது. சாயங்காலம் அழகுமுத்து இஸ்தோப்பில் கால் கழுவும்போது பக்கத்தில் போய் நின்றாள்.

"அண்ணே, என் கூரையப் போட்டுக் குடுங்க."

"போடாம இருக்கேனா தங்கச்சி? பிடுங்கின தகரமெல்லாம் நெளிஞ்சு கிழிஞ்சு போச்சே. புதுசுக்குத் தோட்டத்துல சொல்லி வாயே வலிச்சுப் போச்சு. தொர இந்தா அந்தாங்கிறாரு."

"பிரிக்கிறப்ப தோட்டத்தக் கேட்டீங்களா?"

அழகுமுத்து கழுவின காலையே மறுபடி கழுவினார். உள்ளே ராக்காயி பாத்திரம் உருட்டுகிறதை நிறுத்திவிட்டாள். தலை நிமிராமல், "அன்னைக்கி நான் ஏறுனப்ப நீ ஒரு வார்த்த வையலையே தங்கச்சி. வஞ்சிருந்தா எனக்கு லேசா இருந்திருக்கும்" என்றார்.

"வைய வேண்டிய ஆள விட்டுட்டு வேற ஆள வஞ்சிட்டேண்ணே" என்றாள் அவள்.

மறுநாள் வேலை விட்டு வந்தபோது ஒரு சத்தம் கேட்டது. அழகுமுத்து தன் இஸ்தோப்புக்கு மேலே இருந்த தகரத்தை ஆணி பிடுங்கிக்கொண்டிருந்தார். "சாரலுக்கு நனஞ்சா செத்தா போயிருவோம்" என்று ராக்காயி கீழே நின்று பிடித்துக்கொண்டாள். அதைப் பார்த்துவிட்டு அடுத்த காம்பராக்காரர் தன்னுடையதை அவிழ்த்தார். அன்றைக்குப் பிழைத்த காம்பரா ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு தகரம் வந்தது. ஒன்று துருப்பிடித்தது, ஒன்று பச்சைச் சாயம் அடித்தது, ஒன்றில் யாரோ பையன் தன் பேரைச் சுரண்டி வைத்திருந்தான். எரிந்துபோன பக்கத்துச் சவுக்குக் கட்டையில் நல்லதாகப் பார்த்து உத்தரம் போட்டார்கள். நீலத் தாளை அவிழ்த்தபோது தொப்பைத் தண்ணீர் அழகுமுத்துவின் தலையில் கொட்டியது. தீ வந்த நாளுக்குப் பிறகு லயம் அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தது.

வியாழக்கிழமை காலையில் அம்மாக்கண்ணு கல்லடுப்பை மெழுகி விறகு வைத்தாள். தீக்குச்சியை எடுத்தவள் உரசாமல் வாசலுக்கு வந்தாள். முன்பெல்லாம் லைட்டர் வந்த பிறகும்கூட லயத்தில் கங்கு கேட்டு வாங்குவது பழக்கம். முதலில் எழுந்தவள் அடுப்பிலிருந்து மற்றவர்கள் சிரட்டையில் ஒரு கங்கு எடுத்துப் போவார்கள், கூடவே ஒரு வம்பும் போகும். அந்தத் தீக்கு அப்புறம் யாரும் யார் வீட்டு நெருப்பையும் கேட்கவில்லை. வாசலில் கையில் தீக்குச்சியோடு நின்றவளைப் பார்த்துவிட்டு ராக்காயி உள்ளே போனாள். சிரட்டையில் கங்கு அள்ளி, மேலே சாம்பல் தூவி, கையால் மறைத்துக்கொண்டு வந்தாள்.

"இந்தாங்க மதினி."

"பயமா இல்லியாடி?"

"இருக்குதான். அதுக்காக நீங்க பச்சத் தண்ணியா குடிப்பீங்க?"

அடுப்பு புகைந்து, பிடித்து, எரிந்தது. முதல் தேத்தண்ணியை ராக்காயிக்குக் கொடுத்தாள்.

அளக்க வந்த ஐயாவை மாத்தயா என்பார்கள்; சிங்களவர், வயதானவர், மூச்சு வாங்கிக்கொண்டே படி ஏறினார். முத்துலிங்கம் நாடாவின் மறு நுனியைப் பிடித்தார். அம்மாக்கண்ணுவின் காம்பராவுக்குள் வந்து மாத்தயா மேலே பார்த்தார். பல நிறத் தகரத்தைப் பார்த்து ஏதோ கேட்டார்.

"இது எத்தன வீட்டுக் கூரன்னு கேக்குறாரு" என்றார் முத்துலிங்கம்.

"ஒரு வீடுதான்னு சொல்லுங்க."

மாத்தயா சிரித்தார். அடுப்பைப் பார்த்தார், "ஹரி அக்கே, தே எக்கக்" என்று ஒரு தேத்தண்ணி கேட்டு, பலகையில் உட்கார்ந்துவிட்டார். அவள் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். முத்துலிங்கம் நிலைக்கட்டையில் சாயத்தால் பதினாலு என்று எழுதினார். "கோயில் ரோடுன்னு போட்டிருக்கு. சபையில இன்னும் பாஸ் ஆகணும், ஆனா வண்டிக்காரங்களுக்கு இப்பவே விவரம் குடுத்தாச்சு." பேரைக் கேட்டார். வீட்டில் வேறு யார் என்று கேட்டார்.

"மகன். துஷாந்த்."

எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "தீயணைப்புல இருக்க துஷாந்தா? நீங்கதான் அவங்க அம்மாவா?"

அவள் தலையாட்டினாள்.

"அன்னைக்கி இங்க வண்டி வந்துச்சே, அது யாரு சொல்லியும் வரலம்மா. அவருதான் உத்தரவு இல்லாம சாவிய எடுத்து, மத்தப் பையன்களயும் ஏத்திக்கிட்டுக் கெளம்பிட்டாரு. வெசாரண வச்சாங்க. வேலைய விட்டு நிப்பாட்டல, ஆனா வண்டியில ஏறக் கூடாதுன்னு சொல்லி உள்ளுக்குப் போன்கிட்ட ஒக்கார வச்சிட்டாங்க. உங்களுக்குச் சொல்லலையா?"

அவர்கள் அடுத்த காம்பராவுக்குப் போனார்கள். அம்மாக்கண்ணு அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து, சீலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். டவுனில் வண்டி கழுவிக்கொண்டிருந்த முதுகுகளில் அவனைத் தேடியபோது அவன் சுவருக்கு அந்தப் பக்கம் போனுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறான். வந்தவனைத்தான் வாசலில் நிறுத்தி வைது அனுப்பியிருக்கிறாள். அழுது முடித்து முகத்தைக் கழுவினாள். சுவரில் அவன் எழுதின கரி நம்பர் பாதி மழையில் கரைந்திருந்தது. அது தேவையாகவும் இல்லை, மனதில் இருந்தது.

போனை எடுத்து அந்த நம்பரை அடித்தாள். மணி இரண்டு முறை அடித்தது. எடுத்தார்கள். சிங்களத்தில் ஒரு வரி, பிறகு தமிழில்.

"தீயணைப்புப் பிரிவு. முகவரி சொல்லுங்க."

"பதினாலு, கோயில் ரோடு, கீழ்க்கணக்கு, ஊசிமல."

பேனா தாளில் ஓடுகிற சத்தம் கேட்டது. "பதினாலு, கோயில் ரோடு, கீழ்க்கண..." என்று திருப்பிச் சொல்லிக்கொண்டே வந்த குரல் நின்றது.

"அம்மா?"

"முழுசா எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்மா. என்னா ஆச்சு? எங்க எரியுது?"

"அடுப்புலதான்ப்பா எரியுது. வேற எங்கயும் இல்ல."

"இந்த நம்பருக்குச் சும்மா அடிக்கக் கூடாதும்மா" என்றான். குரல் உடைந்திருந்தது.

"சும்மா அடிக்கல. முகவரி இருந்தா, கூப்புட்டா வருவீங்கன்னு உங்க கிளாக்கர் ஐயா இப்பதான் சொல்லிட்டுப் போறாரு. கூப்புடுறேன்." அவள் நிலைக்கட்டையில் இன்னும் காயாத பதினாலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "வண்டி வேணாம். நீ மட்டும் வா."